பதினாலாம் நம்பர் நிற்காத நிறுத்தம்

எங்கள் மார்ல்பெக் நகரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் மொத்தம் ஒன்பது. மடாலயத்தின் இடிபாடு ஒன்று: மூன்று தூணும் அரைச் சுவரும் அங்கே நிற்கின்றன, நான்காவது தூண் சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்துக்குள் மாட்டிக்கொண்டது. கம்பளி ஆலை ஒன்று. அதை மூடிவிட்டு, ஆலைகள் ஏன் மூடப்பட்டன என்று விளக்கும் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஆட்டுப் படங்கள் மட்டுமே மாட்டிய ஓவியக்கூடம், நகர மன்றக் கடிகாரம், சந்தை, வறுத்த மீன் கடை, யாரென்று யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு பெரிய மனிதரின் சிலை. அப்புறம் கால்வாய். கால்வாய் மேல் பாலம். பாலத்தைத் தனியாக எண்ணிய புண்ணியவான் யாரோ, அவருக்குச் சம்பளம் போதாது.

ஒன்பது எங்களுக்குக் குறையாகப் படவில்லை. அந்த ஒன்பதையும் நாங்கள் பார்க்கப் போனதும் இல்லை. ஆனால் நகரத்துக்கு வருகை மற்றும் அனுபவ வாரியம் என்று ஒன்று உண்டு. அதன் தலைமை இயக்குநர் இமோஜன் ஃபேர்க்ளஃப் தெற்கேயிருந்து வந்தவர். பயணப் பத்திரிகைகள் 'பார்க்க வேண்டிய பத்து' என்றுதான் பக்கம் போடுகின்றனவாம், ஒன்பது இருந்தால் தொடக்கூட மாட்டார்களாம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹாடர்ஸ்லிக்குப் பதினான்கு இருக்கிறது. அதில் ஒன்று, மார்ல்பெக்கைத் தூரத்தில் வைத்துப் பார்க்க வசதியான ஒரு மேடு. அந்த வயிற்றெரிச்சல் வேறு.

பத்தாவதைக் கண்டுபிடிக்க லண்டனிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். அவர் வந்த அன்று மழை. மனிதர் டாக்சியை விட்டு இறங்கவே இல்லை. சிண்டர்ஹில் சாலையில் ஒரு சிமெண்ட் நிழற்குடை அருகே பத்தொன்பது பேர், கொட்டுகிற மழையில், ஒருவர் பின் ஒருவராக, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நிற்பதைப் பார்த்தார். கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கிப் படம் எடுத்தார். இந்த மழையில் இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக நிற்கிறார்கள் என்றால் அங்கே அபூர்வமாக ஏதோ இருந்தாக வேண்டும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

நாங்கள் பதினாலாம் நம்பர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். அது ஐம்பது நிமிஷம் தாமதம். வரிசையில் ஏழாவது ஆள் நான். அறிக்கையின் அட்டைப் படத்தில் என் குடை இருக்கிறது.

என் பெயர் நோரா. பஸ் டிப்போவில் காணாமல்போன பொருள்கள் பிரிவில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள். குடை, பல் செட், ஒருமுறை உயிருள்ள சேவல், எது வந்தாலும் 'உரியவர் வரும்வரை' என்று சீட்டு எழுதி ஒட்டியவள். அதனால் அலுவலகப் பாஷை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. இது பின்னால் உதவப் போகிறது.

பக்கத்து வீட்டில் ட்ரெவர் பூத்ராய்டும் அவர் மனைவி பெரிலும். பெரில் மேஜையில் இடித்துக்கொண்டால் மேஜையிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஆறு வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி காலை பத்தரைக்கு ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரத்தோடு அவளைக் கோத்து, நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். போகும்போது பெரில் போவாள், வரும்போது பிழிந்த துணி வரும். ட்ரெவருக்குக் கண்ணில் புரை. கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி வண்டி கேட்டு எழுதினால், உங்கள் வாசலிலிருந்து நாற்பது அடியில் பஸ் நிறுத்தம் இருப்பதால் உங்களுக்குத் தகுதி இல்லை என்று பதில் வந்தது. வாரம் மூன்று நாள் டாக்சி வைத்தால் பென்ஷன் பாதி வழியிலேயே இறங்கிவிடும். ஆக, பெரில் உயிரோடு இருப்பது பதினாலாம் நம்பர் பஸ்ஸின் தயவில்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை அவர்கள் இருவரும் வாசலைத் தாண்டி வந்தபோது நிழற்குடையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குக் காவலாக டெஸ்மண்ட் நின்றுகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், வாரியத்தின் தன்னார்வலர், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை வயிற்றின் மேல் நேராக இருக்கும்படி அடிக்கடி சரிசெய்துகொள்கிறவர். நான் என் ஜன்னலில் இருந்தேன், எல்லாம் கேட்டது.

"இன்னும் திறக்கலைங்க," என்றார் டெஸ்மண்ட்.

"பஸ் ஸ்டாப்பைத் திறக்கலையா?"

"இது பஸ் ஸ்டாப் இல்லைங்க. பஸ் ஸ்டாப் அனுபவம்."

"அப்ப பஸ்ஸு?"

"பஸ் நின்னா அதிருதுங்க. பாரம்பரியச் சின்னம். நூறு கஜத்துக்குள்ள பெரிய வண்டி எதுவும் நிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"பாரம்பரியமா? ஐம்பத்தெட்டுல கட்டினது இது. எனக்கு அப்ப ஏழு வயசு. சிமெண்ட் காயறதுக்குள்ளயே எங்கப்பா பாத்துட்டு, என்ன கருமம்டா இதுன்னாரு."

"அதைக் கொஞ்சம் எழுதிக் குடுத்தீங்கன்னா வாய்மொழி வரலாறுல சேத்துக்கறோம்," என்று டெஸ்மண்ட் பேனாவை நீட்டினார்.

அப்போது பதினாலாம் நம்பர் வந்தது. பதினோரு வருஷமாக எங்கள் தடத்தில் ஓட்டுகிற நவீத்தான் ஓட்டினான். நவீத் எல்லோரையும் 'கண்ணு' என்பான். வயசு, ஆண், பெண் என்ற பேதம் கிடையாது, டிக்கெட் பரிசோதகர்கூட அவனுக்குக் கண்ணுதான். பெரிலைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தான். கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கையை விரித்துக் காட்டினான். பஸ் போய்விட்டது.

"சாரி கண்ணு" என்று அவன் வாய் அசைந்ததைப் பெரில் பார்த்தாளாம். பதிலுக்கு இவளும் சாரி சொன்னாளாம். எதற்கு என்று கேட்காதீர்கள்.

அடுத்த நிறுத்தம் மலையடியில் இருக்கிறது. போகும்போது இறக்கம், பரவாயில்லை. திரும்பும்போது அந்தச் செங்குத்தில் பெரில் ஆறு இடத்தில் நின்றாள். ஒவ்வொரு முறையும், "காட்சியைப் பாத்துட்டு வர்றேன்," என்றாளாம். எங்கள் தெருவில் காட்சி என்று எதுவும் கிடையாது. குப்பைத் தொட்டிகளும், பிள்ளைகள் குதித்து விளையாடி உடைத்த ஒரு டிராம்போலினும்தான். வாசலுக்கு வந்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது. எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில் அந்தக் கயிற்றை அறுத்து டெஸ்மண்டின் கழுத்திலேயே கட்டியிருப்பேன். ஆனால் ட்ரெவர் முறையாகப் போவோம் என்றார். அவர் எதையும் முறையாகச் செய்கிறவர். அதுதான் அவருடைய குறை.

முறைப்படி நாங்கள் இருவரும் வாரிய அலுவலகத்துக்குப் போனோம். முன்பு பொது நூலகமாக இருந்த கட்டடம். புத்தகம் இருந்த இடத்தில் எல்லாம் புத்தகம் படிக்கிற மக்களின் புகைப்படங்கள் மாட்டியிருந்தன.

"ட்ரெவர்! உங்களை ட்ரெவர்னே கூப்பிடலாமா?" என்று, கூப்பிட்ட பிறகு கேட்டார் இமோஜன் ஃபேர்க்ளஃப்.

ட்ரெவர் தொப்பியைக் கையில் சுருட்டியபடி விஷயத்தைச் சொன்னார். பஸ் நிற்க வேண்டும், மனைவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

"அருமை," என்றார் இமோஜன். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "மக்கள் இந்த மாதிரிக் கதையைத்தான் தேடி வர்றாங்க."

"கதை இல்லைங்க. திங்கக்கிழமை."

"பாருங்க ட்ரெவர், நான் மனசு விட்டுப் பேசறேன். பஸ் எல்லா ஊருக்கும் வருது. வந்தா ஜனங்க ஏறிப் போயிடறாங்க. போயிட்டா ஊர்ல தங்கறதில்ல. ஆனா காத்திருக்கறது இருக்கே, அது ஊர்லயே தங்கறது! ஒரு வருகையாளர் மார்ல்பெக்ல சராசரியா நாப்பத்தேழு நிமிஷம் தங்கறாருன்னு முதல் தடவையா நாங்க நிரூபிச்சிருக்கோம். அதுக்கு முழுக் காரணம் பஸ் வராததுதான். இப்ப நீங்க பஸ்ஸைக் கொண்டான்னா எப்படி? கஷ்டப்பட்டுச் சேத்த ஆளுங்களை நாங்களே ஏத்தி அனுப்பணுமா?"

ட்ரெவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இமோஜன் ஒரு கருத்துப் படிவத்தைக் கையில் திணித்து, உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். படிவத்தில் மூன்று முகங்கள் வரைந்திருந்தன: சிரிக்கும் முகம், அதிகம் சிரிக்கும் முகம், ஆனந்தக் கண்ணீர் விடும் முகம். கண்ணீர்தான் நமக்குக் கிட்டத்தில் வருகிறது என்று ட்ரெவர் அதையே வட்டமிட்டார். கீழே, 'முப்பத்தொரு வருஷமாக இந்த நிறுத்தத்துக்கு வருகிறேன். இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததே இல்லை' என்று அழுத்தி எழுதினார்.

அடுத்த வாரம் நிழற்குடையின் மேல் ஆறடி உயரப் பலகை வந்தது. அதில் கொட்டை எழுத்தில்: "முப்பத்தொரு வருஷமாக வருகிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை! ட்ரெவர், மார்ல்பெக்."

திறப்பு விழா அமர்க்களப்பட்டது. மேயர் கயிற்றை அவிழ்த்தார், டெஸ்மண்ட் மறுபடி கட்டினார். நேரச் சீட்டு வாங்கினால் உள்ளே பன்னிரண்டு நிமிஷம் நிற்கலாம். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுப்பார்கள், அதில் மழைச் சத்தம், இருமல், நடுநடுவே ஒரு கிழக் குரல், "அதோ வருது... இல்ல, அது பால் வண்டி." ஜூன் மாதம் என்ன சாபமோ, நான்கு நாள் சேர்ந்தாற்போல வெயில் அடித்தது. வெயிலில் அனுபவம் உண்மையாக இல்லை என்று ஹாடர்ஸ்லிக்காரர் ஒருவர் எழுதிவிட்டார். உடனே கூரை மேல் குழாய் வைத்துச் செயற்கை மழை பெய்ய ஏற்பாடானது. அந்தத் தண்ணீர் எங்கள் தெருக் குழாயிலிருந்து போனது. காலை பத்திலிருந்து நான்குவரை எங்கள் வீடுகளில் குழாய் சொட்டியது, நிழற்குடைக்கு அடைமழை.

கூட்டம் நிஜமாகவே வந்தது. அதற்கு வாரியம் காரணமில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம்: வரிசையைக் கண்டால் கடைசியில் போய் நின்றுவிடுவார்கள். எதற்கு என்று முன்னால் இருப்பவரைக் கேட்பது மரியாதை ஆகாது. முட்டை வாங்கப் புறப்பட்ட என் நாத்தனார் மூன்று தடவை நின்று, மூன்று தடவை நனைந்து, மூன்று தடவையும் ஆனந்தக் கண்ணீர் முகத்தை வட்டமிட்டுவிட்டு வந்தாள்.

ஜூன் கடைசியில் பெரில் ஒரு வெள்ளிக்கிழமையைத் தவறவிட்டாள். மலையடி நிறுத்தத்துக்குப் போகும் வழியிலேயே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமைக்குள் கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கோலீன், அயர்லாந்துக்காரி, சுற்றி வளைக்காதவள், ட்ரெவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "இன்னொரு தடவை தவறிச்சுன்னா நான் அவங்களை இங்க பாக்க மாட்டேன். அவசரப் பிரிவுல பாப்பேன். அதுவும் அதிர்ஷ்டம் இருந்தா." ட்ரெவர் அன்று மாலை என் சமையலறையில் உட்கார்ந்து தேநீரை ஆறவிட்டார். அறுபது வருஷப் பழக்கத்தில் அவர் தேநீரை ஆறவிட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் வாரியத்தின் சுற்றுலாப் பஸ் ஓடத் தொடங்கியது. மேல்தளம் திறந்த பழைய சிவப்பு வண்டி. பத்து இடங்களையும் சுற்றிவரும். பஸ்ஸே பாரம்பரியச் சின்னம் என்பதால் அது நம் நிறுத்தத்தில் நின்றால் அதிராதாம். ஓட்டுகிறவன் நம் நவீத். பாதை ஆஸ்பத்திரி வாசலை உரசிக்கொண்டு போகிறது. ட்ரெவருக்கு முகம் மலர்ந்தது.

"நவீத், ஆஸ்பத்திரிகிட்ட ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தேன்பா."

"நிறுத்த மாட்டேனா கண்ணு? பெட்டி ஒண்ணு வெச்சிருக்காங்க வண்டியில. பட்டியல்ல இல்லாத இடத்துல கதவைத் திறந்தா, 'அனுபவம் தடைபட்டது, அனுபவம் தடைபட்டது'ன்னு கத்துது. ரெண்டு தடவை கத்தினா எனக்கு மறுபயிற்சி. மறுபயிற்சின்னா தெரியுமா? நாள் பூரா அந்த இமோஜன் அம்மா பேசறதைக் கேக்கணும். எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு கண்ணு."

"பட்டியல்ல இருந்தா?" என்று நான் கேட்டேன்.

"பட்டியல்ல இருந்தா கால்வாய்க்குள்ளகூட இறக்கி விடுவேன்."

அன்றைக்கே பேனாவை எடுத்தேன். ட்ரெவர் தயங்கினார். "ஆஸ்பத்திரியைப் போய் வேடிக்கை பாக்கற இடம்னு எழுதறதா நோரா? அடுக்குமா?"

"எழுது நோரா," என்றாள் பெரில் சோபாவிலிருந்து. "ஆறு வருஷமா போறேன், அங்க பாக்க எவ்வளவோ இருக்கு. டாக்டரைத்தான் பாக்க முடியாது."

காணாமல்போன பொருள்கள் பிரிவில் கற்ற வித்தை முழுவதையும் இறக்கினேன். 'மார்ல்பெக் குருதிப் புத்துணர்வு நிலையம். நான்கு மணி நேரம் முழுமையாக ஆழ்த்தும் அனுபவம். சாய்வு நாற்காலி உண்டு. தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. வருகையாளர்களில் நூற்றுக்கு நூறு பேர் வாரம் மூன்று முறை திரும்பி வருகிறார்கள்.' எங்கள் தெருப் பள்ளத்தைப் பற்றி எழுதிப்போட்டு நான்கு வருஷம் ஆகிறது, பள்ளம் அப்படியே இருக்கிறது. இதற்கு நான்காம் நாள் இமோஜன் தொலைபேசியில் வந்துவிட்டார்.

"நூத்துக்கு நூறு திரும்பி வர்றாங்களா? நோரா, மடாலயத்துக்குப் போன வருஷம் ரெண்டே பேர்தான் திரும்பி வந்தாங்க. அதுல ஒருத்தர் குடையை மறந்து வெச்சிட்டுப் போனவர். யாருமே வராம விட்டதில்லையா?"

"விட்டவங்க செத்துட்டாங்க."

மறுமுனையில் எழுதுகிற சத்தம் கேட்டது. "அப்ப அவங்களைக் கணக்குல சேக்க வேண்டாம்," என்றார்.

ஆஸ்பத்திரி நிர்வாகமும் மகிழ்ச்சியாகச் சம்மதித்ததாம். அவர்களுக்கும் மேலே ஒரு வாரியம் இருக்கிறது, அதற்கும் ஏதாவது ஓர் எண்ணைக் காட்ட வேண்டியிருக்கிறது. பதினோராவது இடம் அறிவிக்கப்பட்டது. ஹாடர்ஸ்லிக்கு இன்னும் மூன்றுதான் பாக்கி என்று நகரப் பத்திரிகை எழுதியது.

முதல் திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். சிவப்புப் பஸ் எங்கள் வாசலில் நின்றது. நவீத் இறங்கி வந்து பெரிலின் கையைப் பிடித்து ஏற்றினான். ஆஸ்பத்திரி வாசலில் கதவு திறந்தபோது பெட்டி கத்தவில்லை. ட்ரெவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். மணி பத்து. அரை மணி இருக்கிறது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம், எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு முன் சிவப்புக் கயிறு. கயிற்றின் ஓரமாக நாற்பத்து மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். பாதிப் பேர் ஒருதரம் கண்ணாடிச் சன்னல் வழியாக இயந்திரங்களைப் பார்க்க வந்தவர்கள்; மீதிப் பேர் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றவர்கள். முகப்பில் டெஸ்மண்ட், அடையாள அட்டையைச் சரிசெய்தபடி.

"நேரச் சீட்டு இருக்குங்களா?"

"நான் நோயாளி," என்றாள் பெரில். "சாரி."

"அதுக்குன்னு தனி வரிசை கிடையாதுங்க. எல்லா வருகையாளரும் சமம், அதுதான் வாரியத்தோட கொள்கை. சீட்டு இல்லாதவங்க கடைசியில நிக்கலாம். இன்னிக்கு வேகமாத்தான் நகருது."

நாங்கள் கடைசியில் போய் நின்றோம். ஏன் என்று கேட்பீர்கள். சண்டை போட்டிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் எங்கள் ஊரில் வளரவில்லை. எண்பத்தேழில் தபால் நிலையத்தில் ஒருவன் வரிசையில் முந்திவிட்டான். தபால்தலை ஒன்றே ஒன்றுதான் வாங்கினான். இன்றைக்கும் மதுக்கடையில் அவனுக்கு யாரும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பதில்லை, அவன் மகன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு கனடா போய்விட்டான். இங்கே பெண்டாட்டியை விட்டு ஓடியவனை மன்னிப்பார்கள், கடையில் திருடியவனைப் பாவம் என்பார்கள். வரிசையில் முந்தியவனுக்கு மன்னிப்பு கிடையாது.

பத்து பத்து. பத்து இருபது. வரிசை ஏழு பேர் நகர்ந்தது. பெரிலின் முகம் மெழுகு நிறத்துக்கு வந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் அவளைப் பார்த்து, "சாரிங்க," என்றார்கள், பிறகு முன்னே பார்த்து நின்றுகொண்டார்கள். தன் இடத்தை ஒருவர் கொடுக்கலாம். ஆனால் தனக்கு முன்னால் இருப்பவரின் இடத்தை எப்படிக் கொடுப்பது? அதற்கு அவரிடம் பேச வேண்டும். அறிமுகமில்லாத மனிதரிடம் போய்ப் பேசுவதாவது.

கதவு இடுக்கில் கோலீன் தலையை நீட்டினாள். "பெரில்! அங்க என்ன பண்றீங்க? பத்தே முக்காலுக்கு மேல அந்த மெஷினை என்னால பிடிச்சு வெக்க முடியாது. அடுத்த ஆள் வந்துடுவாரு!"

"வரிசையில இருக்கோம்," என்றார் ட்ரெவர், நியாயமான குரலில்.

"வரிசையா? அட கடவுளே!" கோலீன் எங்கள் ஊர் இல்லையே, அவளுக்கு எப்படிப் புரியும்?

பெரில் தன் கணுக்காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு ட்ரெவரைப் பார்த்தாள். கைப்பையை என்னிடம் கொடுத்தாள். பெரில் பூத்ராய்ட், எழுபத்தொரு வயசு, மேஜையிடம் மன்னிப்புக் கேட்பவள், வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. கழிப்பறைக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, முப்பத்தாறு பேரையும் ஒவ்வொருவராகத் தாண்டி நடந்தாள். யாருடைய கையிலிருந்தோ சாவிக்கொத்து விழுந்தது. டெஸ்மண்ட் இரண்டு கையையும் அகல விரித்தார். "அம்மா, இது... இப்படியெல்லாம்... வரிசை!"

"தெரியுது," என்றாள் பெரில்.

கயிற்றைத் தானே அவிழ்த்தாள். உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவு தூரமும் ஒருதரம்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு வந்த அழுகையை நான் இருமி மறைத்தேன்.

"போங்க ட்ரெவர், கூடப் போங்க," என்று அவரைத் தள்ளினேன்.

ட்ரெவர் அசையவில்லை. வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். "நான் அவ இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கேன் நோரா," என்றார். "ஒருவேளை திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?" ஒரு மணி நேரம் கழித்து வரிசை முறைப்படி முன்னால் போய்ச் சேர்ந்து, கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்துக் கையசைத்தார்.

அன்று மாலைக்குள் வாரியத்துக்கு நாற்பத்து மூன்று படிவங்கள் போய்ச் சேர்ந்தன. எல்லாவற்றிலும் ஆனந்தக் கண்ணீர். வாழ்நாளில் மறக்க முடியாத காட்சி, உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது, அடுத்தது எப்போது, என்று எழுதியிருந்தார்கள். ஹாடர்ஸ்லிக்காரர் ஒருவர், எங்கள் ஊரில் இப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று பொறாமையோடு குறிப்பிட்டிருந்தார்.

புதன்கிழமை வரை பொறுக்காமல் இமோஜன் செவ்வாயன்றே பூக்கொத்தோடு பெரிலின் வீட்டுக்கு வந்துவிட்டார். "பெரில், நீங்க எங்களோட பன்னிரண்டாவது! திங்கள், புதன், வெள்ளி, காலை பத்தேகால். 'மாபெரும் வரிசை மீறல்'. நீங்க புதுசா எதுவும் செய்ய வேண்டாம். முன்னாடி நிக்கறவங்களைத் தாண்டிப் போனா போதும். தாண்டப்படறதுக்கு ஜனங்க இப்பவே சீட்டு வாங்கிட்டாங்க!"

பெரில் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டாள். "பத்தேகாலுக்கு நான் அங்க இருக்கணுமா?"

"நிமிஷம் பிசகாம!"

"உங்க சிவப்பு வண்டி புதன், வெள்ளியில சிலையைச் சுத்திட்டுத்தான் வருது. பதினொண்ணு ஆயிடும். பதினாலாம் நம்பர் எங்க வாசல்ல நின்னாத்தான் முடியும்."

"ஆனா அதிர்வு..." என்று ஆரம்பித்த இமோஜன் நிறுத்தினார். பையிலிருந்து ஒரு தடித்த விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முகம் பிரகாசமானது. "கலைஞர்களை ஏத்திட்டுப் போற வண்டிக்கு விலக்கு இருக்கு! கலைஞரும் அவரோட குழுவும் ஏறலாம். உங்களுக்குக் குழு எத்தனை பேர்?"

பெரில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"பத்தொம்பது பேர்," என்றாள்.

ஆக இப்போது பதினாலாம் நம்பர் எங்கள் வாசலில் மறுபடி நிற்கிறது. தெருவே ஏறுகிறது; முட்டை வாங்கப் போகிற என் நாத்தனாரும் குழுவில் ஒரு கலைஞர். 'பஸ் ஒன்று நிறுத்தத்தில் நின்று மக்களை ஏற்றிச் செல்லும் புதுமை' என்று இமோஜன் எங்கோ மாநாட்டில் பேசி விருது வாங்கிவந்தார். ட்ரெவர் மட்டும் ஆஸ்பத்திரியில் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார். நேரச் சீட்டு வாங்கி, கடைசியில். பெரில் அவரையும் தாண்டிக்கொண்டு போகிறாள், வாரம் மூன்று தடவை, பத்தேகாலுக்கு. கணுக்கால் வற்றிவிட்டது.

போன மாதம் கதவருகே பித்தளைப் பலகை பதித்தார்கள். மேயர் துணியை விலக்கினார். 'இவ்விடத்தில் பெரில் பூத்ராய்ட் வரிசையில் முந்தினார்' என்று பொறித்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பெரில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"மன்னிப்புக் கேக்கலைங்கறதை விட்டுட்டாங்க," என்றாள் என்னிடம். "அதையும் போடச் சொல்லு நோரா."